6 வயதுப் பையன், மூன்றரை வயதுப் பாப்பா: மருந்தில்லாமல் மொட்டை மாடியில் காய்கறி போட எங்கே தொடங்குவது?

யாழ் அம்மா, ஈரோடு

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

ஈரோட்டில் வாடகை வீட்டில் முதல் மாடியில் இருக்கிறோம். மேலே மொட்டை மாடியில் பத்துக்குப் பதினைந்து அடி இடத்தை வீட்டுக்காரம்மா எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். தளத்தில் ஈரம் இறங்கக் கூடாது, அது ஒன்றுதான் அவர் சொன்னது. பையன் ஒன்றாம் வகுப்பு. பாப்பாவை இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு தடவை முயன்றோம். 8 பை, விதை பாக்கெட், தேங்காய் நார்க் கட்டி எல்லாம் வாங்கி வந்து தக்காளியும் கத்திரியும் போட்டோம். தக்காளி ஏப்ரல் வெயிலில் கருகிவிட்டது. கத்திரி முளைத்தது. ஆனால் பாப்பா தினமும் ஒவ்வொரு நாற்றாகப் பிடுங்கி, வேர் வந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி மண்ணில் குத்தி வைப்பாள். திட்டினால் அழுகிறாள், விட்டால் செடி சாகிறது. அதையும் மீறி இரண்டு செடி பிழைத்தன. அதில் மாவுப்பூச்சி வந்தது.

கடையில் போய்ச் செடியின் படத்தைக் காட்டினேன். ஒரு வெள்ளைப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்ற விவரமும் இல்லை. நானும் கேட்கவில்லை. தூவிய மறுநாள் காலை, பாப்பா அந்தச் செடியின் இலையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வாயைக் கழுவி, தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். மாலை வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் டாக்டர் "என்ன மருந்து அது?" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. அன்று மாலையே எல்லாப் பைகளையும் கவிழ்த்து, மண்ணைச் சாக்கில் கட்டிவிட்டேன்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஊரிலிருந்து மாமியார் விதைப்புப் பட்டம் போய்விடும், போய்விடும் என்கிறார். பையனும் "நம்ம தோட்டம் எப்பம்மா?" என்று தினமும் கேட்கிறான். எனக்கும் ஆசைதான். ஆனால் இனி ஒரு சொட்டு மருந்துகூட மாடிக்கு ஏறக் கூடாது. பிள்ளைகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் செய்வதாகவும் இல்லை. அவர்கள் கையாலேயே செய்ய வேண்டும். என்ன போடலாம்? இந்த வயதில் அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? சாக்கில் கட்டி வைத்த மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா? பஞ்சகவ்யம், மீன் அமிலம் மாதிரி இயற்கை உரமெல்லாம் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சரிப்படுமா?

மாடித் தாத்தா, மதுரை

அம்மா, பாப்பா நன்றாக இருக்கிறாள் என்று படித்த பிறகுதான் மிச்சத்தைப் படிக்க முடிந்தது.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் வேலைக்குப் போவதால் பேரன், பேத்தி இருவரும் பள்ளிக்கூட நேரம் போக மிச்சப் பகல் முழுக்க எங்களிடம்தான். அவர்களோடு மாடியில் காய்கறி போடுவது இது ஐந்தாவது ஆடி. பேரனுக்கு இப்போது 8 வயது, பேத்திக்கு 4.

முதலில் அந்தச் சாக்கு மண். என்ன பொடி என்று தெரியாதவரை அதில் சாப்பிடும் எதையும் போடாதீர்கள். பாப்பா கை படாத இடத்தில், அழகுக்கு வளர்க்கும் செடி ஏதாவது இருந்தால் அதற்குக் கொட்டுங்கள். காய்கறிக்குப் புது மண் கலந்துகொள்ளுங்கள். நான் செம்மண், தேங்காய் நார்த்தூள், நன்றாக மக்கிய எரு மூன்றையும் சம அளவு எடுத்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்கிறேன். எரு கிடைக்காவிட்டால் மண்புழு உரம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களையும், வேர் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையையும் எருவோடு கலந்து, லேசாக ஈரம் காட்டிப் பத்து நாள் நிழலில் வைத்துவிட்டு அப்புறம்தான் விதைப்பேன். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை (கிட்) உங்கள் ஊரில் கிடைத்தால் பையும் விதையும் இவையும் ஒன்றாகவே வரும், மானிய விலையில். பைகளைத் தளத்தில் நேராக வைக்காமல், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்றுப் போனால் தளம் காய்ந்துவிடும், வீட்டுக்காரம்மாவும் நிம்மதியாக இருப்பார்.

என்ன போடுவது என்பதற்கு வருகிறேன். பெரியவர்கள் தக்காளி, கத்திரி என்றுதான் தொடங்குவோம். நாற்று விட்டு, 25, 30 நாள் கழித்துப் பிடுங்கி நட்டு, அப்புறமும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மூன்றரை வயதுக் குழந்தைக்கு அது ஒரு யுகம். என் பேத்தியின் கணக்கில் "நாளைக்கு" என்பதே தூரம். அதனால் அஞ்சறைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். வெந்தயத்தை இரவு ஊறப்போட்டு, அகலமான பையில் தூவி, மேலே கொஞ்சம் மண்ணைப் போட்டால் மூன்றாம் நாள் தலை காட்டும். 20, 25 நாளில் கீரையாகக் கிள்ளலாம். இரண்டாவதாக வெண்டை. விதை பெரியது, பிஞ்சு விரலுக்குப் பிடிபடும். நான்கைந்து நாளில் முளைக்கும், 45 நாளில் காய்க்கும். பூவைப் பார்த்தாலே பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். மூன்றாவது முள்ளங்கி. அது ஏன் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பிடுங்கலாம்! பிடுங்குவதற்கென்றே ஒரு பயிர் இருந்தால் மற்றவை கொஞ்சம் தப்பிக்கும்.

பாப்பா வேரைப் பார்க்கத்தான் பிடுங்குகிறாள், சேட்டை இல்லை அது. வேரைக் காட்டிவிடுங்கள். ஒரு கண்ணாடி ஜாம் பாட்டிலுக்குள் ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தட்டைப்பயறோ மொச்சையோ ஐந்து விதையைச் செருகுங்கள். முதலில் வேர் கீழே போகும், அப்புறம் தண்டு வளைந்து மேலே வரும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாலும் இரண்டு நாளில் வேர் திரும்பவும் கீழே பார்க்க வளைந்துவிடும். என் பேரன் அதை நான்கு தடவை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான். பயறு நூடுல்ஸ் மாதிரி சுருண்டுபோய் நின்றது. அதற்குப் பிறகு அவன் எந்தச் செடியையும் பிடுங்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரிந்துவிட்டதே.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். ஆளுக்கு ஒரு பை, அவரவர் சொந்தமாகக் கொடுங்கள். அதில் உங்கள் கை படக் கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பேரனுக்கு ஐந்து வயதில் அவன் பையில் ஒரு கத்திரி நாற்று நட்டான். நாங்கள் எல்லோரும் நான்கு நாள் பழனிக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பி வந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால் நாற்று காய்ந்து கிடக்கிறது. காலையில் பார்த்தால் பிள்ளை அழுவானே என்று, என் பையிலிருந்து அதே உயரத்து நாற்று ஒன்றைப் பெயர்த்து அவன் பையில் நட்டு, தண்ணீரும் ஊற்றி வைத்தேன். விடிந்ததும் ஓடி வந்தான், குத்தவைத்து உட்கார்ந்தான், கொஞ்ச நேரம் பார்த்தான். "தாத்தா, இது என் செடி இல்ல. என் செடியில கீழ் இலையில ஓட்டை இருக்கும்" என்றான். அந்த இலை உதிர்ந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவன் பதிலே பேசவில்லை. அதற்குப் பிறகு பத்து நாளைக்கு மேல் மாடிக்கு வரவில்லை. கூப்பிட்டால் "நீங்க ஊத்துங்க" என்பான். பாட்டியிடம் மட்டும் "தாத்தா செடியை மாத்திட்டாரு" என்று சொல்லியிருக்கிறான்.

கடைசியில் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய், குப்பைப் பானையில் போட்டிருந்த அந்தக் காய்ந்த நாற்றை எடுத்துக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவன் அதைக் கையில் வாங்கி அந்த ஓட்டையைத் தேடினான். இருந்தது. மறுபடி இருவருமாகப் பானையில் போட்டு மேலே சருகு மூடினோம். அன்றிலிருந்து பிள்ளைகள் பையில் செத்தால் செத்ததுதான். வீட்டுக்குக் காய் வேண்டுமானால் அதற்கென்று என் பைகள் தனியாக இருக்கின்றன. அவற்றை நான் எப்படி வேண்டுமானாலும் கவனித்துக்கொள்கிறேன்.

குப்பைப் பானை என்றேன் அல்லவா, அது பேத்தியின் பொறுப்பு. பக்கவாட்டில் துளை போட்ட மண்பானை. வெங்காயச் சருகு, வாழைப்பழத் தோல், முட்டை ஓடு போட்டதும் அதே அளவு காய்ந்த இலை போட வேண்டும். வாரம் ஒரு தடவை நான் கிளறிவிட்டு, புளித்த மோர் கொஞ்சம் தெளிப்பேன். ஈரம் அதிகமானால் நாறும், சருகு சேர்த்தால் சரியாகிவிடும். வாழைப்பழம் சாப்பிட்டதும் தோலை எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

மீன் அமிலம் ஒரு வருடம் செய்தேன். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு ஊறவைப்பது. செடிக்கு நல்லதுதான். ஆனால் தெரு முழுக்க உள்ள பூனைகள் எங்கள் மாடிக்கு வந்து பைகளைக் கிளறிவிட்டன. விட்டுவிட்டேன். பஞ்சகவ்யம் வாங்கிப் பயன்படுத்துகிறேன், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் மட்டும் ஊற்றுவேன். சாணமும் கோமியமும் உள்ள பொருள், அவர்கள் கையில் கொடுப்பதில்லை. கீரைக்கு அதைத் தெளிப்பதே இல்லை.

இடம் இருந்தால் பெரிய பையில் ஒரு சுரைக்கொடி ஏற்றுங்கள். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், வெள்ளை வெளேரென்று. முதல் சில வாரம் ஆண் பூவாகத்தான் வரும், பிள்ளைகளை முன்னாடியே பழக்கிவிடுங்கள். அப்புறம் ஒரு நாள், அடியில் விரல் நுனி அளவு சுரைக்காயோடு ஒரு பூ வரும். அது பெண் பூ. மாடி உயரத்துக்குப் பூச்சிகள் குறைவாகத்தான் வருகின்றன என்பதால் நாங்களே சேர்த்துவிடுகிறோம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். சேர்ந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகி விழுந்துவிடும். பேரன் தான் சேர்த்த பூவுக்கெல்லாம் சிவப்பு நூல் கட்டி வைப்பான். சுரைக்காயைத் தொடவே மாட்டேன் என்றவன், சிவப்பு நூல் கட்டிய காயில் வைத்த கூட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்று ஏக்கர், ஒட்டன்சத்திரம் பக்கம்

ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். நான் பூச்சிக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் முன்பு வாரத்துக்கு ஒரு மருந்து அடித்தவன்தான் நானும். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகச் சொன்ன நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பரில் தவறினார், அதற்கு அடுத்த வருடம் நிறுத்தினேன். நிறுத்திய முதல் இரண்டு வருடம் ரொம்பக் கஷ்டம், மறைக்க மாட்டேன். ஆனால் மாடியில் பத்துப் பை என்பது வேறு. பத்துப் பையைக் கண்ணால் காக்கலாம். அதுவும் ஆறு வயதுப் பிள்ளையின் கண், இலையின் அடிப்பக்கம் இருக்கிற உயரத்திலேயே இருக்கிறது.

சகோதரி, விதை வாங்கும்போது பாருங்கள். ரோஸ், நீலம் என்று சாயம் பூசிய மாதிரி இருந்தால் அது பூஞ்சைக்கொல்லி கலந்து நேர்த்தி செய்த விதை. சின்னப் பிள்ளை கையில் அதைக் கொடுக்கக் கூடாது, வாயில் போட்டுவிடும். நேர்த்தி செய்யாத நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள். நாட்டு ரகம் என்றால் ஒரு வெண்டைக்காயைச் செடியிலேயே முற்றவிட்டு, காய்ந்து வெடிக்கும்போது விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அவரை, வெண்டையில் அசுவினி வரும், கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. கொழுந்தில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். அசுவினி விடுகிற தேன் மாதிரியான கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பு வரிசை தெரிந்தால் மேலே அசுவினி இருக்கிறதென்று அர்த்தம். நிறையப் பேர் ஒரு தப்பு செய்கிறார்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊரும். பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். அது பொறிவண்டின் குஞ்சு. அசுவினியைத் தின்பதே அதன் வேலை. அது இருக்கிற செடியில் எதையும் தெளிக்காதீர்கள். இல்லாவிட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே முக்கால்வாசி அசுவினி விழுந்துவிடும், பிள்ளைகளுக்கும் அது விளையாட்டு.

மாவுப்பூச்சியை ஆரம்பத்தில் பழைய டூத்பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிடலாம். மிஞ்சினால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயில் முதலில் சோப்புக் கரைசலைக் கலந்து, அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதந்து இலையைக் கருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். கத்திரியில் நுனி மட்டும் திடீரென்று தலை தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள். மாடியில் இதற்கு மேல் வைத்தியம் தேவைப்படாது.

அப்புறம் கறிவேப்பிலை, எலுமிச்சை இருந்தால் இலைமேல் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு, பெரிதாகும்போது பச்சையாக மாறும். லேசாகத் தொட்டால் தலையிலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி, ஒரு வாடையைக் கிளப்பும். நாலு கொத்து கறிவேப்பிலை போனால் போகட்டும், அதை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். முருங்கைக் கம்பளிப்புழு மட்டும் வேறு, கிட்டேயே விடாதீர்கள், உடம்பெல்லாம் அரிக்கும்.

ஆடிக் காற்று உங்கள் பக்கமும் பலமாக இருக்கும். வெண்டை ஒரு அடி வளர்ந்ததும் குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

தொடக்கப்பள்ளி டீச்சர், மன்னார்குடி

எங்கள் பள்ளியில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சின்னத் தோட்டம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலையைச் சொல்கிறேன்.

உங்கள் பையனுக்கு அளப்பது பிடிக்கும் வயது. தினமும் சாயங்காலம் செடியின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, நோட்டில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள், அடியில் தேதி. எண் எழுதத் தெரியாத பிள்ளையும் இதைச் செய்துவிடும். மழை பெய்த மறுநாள் நூல் சட்டென்று நீளமாவதைப் பார்த்து எங்கள் வகுப்பே கத்தியது. பாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. வாளியும் குவளையும் கொடுத்தால் ஒரே செடிக்கு மொத்தமும் போய்விடும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியைச் சூடாக்கி ஐந்தாறு துளை போட்டுக் கொடுங்கள். பைக்கு ஒரு பாட்டில் என்பது அவளுக்கே புரியும். விரலை மண்ணுக்குள் விட்டு, ஈரம் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் இதற்கு "மண்ணுக்குக் காய்ச்சல் பார்ப்பது" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் சின்ன வயதில் அம்மாச்சி வீட்டில் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதைப் பார்த்து வளர்ந்தவள். சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, பயறுகளைத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துவிடுவார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரே உயரத்துக்கு எழுந்து நிற்கும். பிள்ளைகளை அந்த அறைக்குள் விட மாட்டார்கள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்ததுதான் எனக்குச் செடிகள் மேல் வந்த முதல் ஆசை. இப்போது வகுப்பில் இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் ஒரே பயறைப் போட்டு, ஒன்றை ஜன்னலிலும் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைக்கிறோம். ஒன்று குட்டையாகப் பச்சை, இன்னொன்று நெட்டையாக மஞ்சள். ஏன் என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும், உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள்.

குழந்தைகள் வார்டு செவிலியர், சேலம்

மேலே எல்லோரும் சொன்னது அருமை. நான் பாதுகாப்புக்கு மட்டும்.

வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்று கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சின்னக் குழந்தை குடித்துவிட்டால் வலிப்பு வரை போகும். தண்ணீர் பாட்டிலில் எந்தக் கரைசலையும் ஊற்றி வைக்கவே கூடாது. எது வாங்கினாலும் பெயர் எழுதிய டப்பாவோடு வாங்குங்கள். டாக்டர் கேட்ட அந்தக் கேள்விக்கான பதில் டப்பாவில்தான் இருக்கும்.

பைகளைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது படிக்கட்டு. குறைந்தது மூன்று அடி தள்ளி வையுங்கள். தண்ணீர் டிரம்முக்கு மூடி போட்டு மேலே கல் வையுங்கள். வாளியில் அரைவாசித் தண்ணீர் இருந்தாலும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஆபத்து. பைக்கு அடியில் தட்டு வைத்தால் வாரத்துக்கு ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு அந்தத் தண்ணீரை ஒட்டித்தான் முட்டையிடும்.

மண்ணில் விளையாடட்டும், நல்லதுதான். செருப்புப் போட்டு மாடிக்குப் போகட்டும், கீழே இறங்கியதும் சோப்பு போட்டு நகத்தோடு கை கழுவ வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள், விடாதீர்கள். பையனுக்கு ஐந்து வயதில் போட வேண்டிய ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். டெட்டனஸுக்கான பாதுகாப்பு அதில் இருக்கிறது. சாணமும் மண்ணும் புழங்கும் இடத்தில் அது அவசியம்.

யாழ் அம்மா, ஈரோடு

எழுதி 45 நாளுக்கு மேல் ஆகிறது. எல்லோருக்கும் நன்றி சொல்லாமலே இருந்துவிட்டேன், மன்னியுங்கள். மாடியை விட்டு இறங்கினால் இருட்டிவிடுகிறது.

செவிலியர் அக்கா, ஊசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பையனுக்கு விட்டுப்போயிருந்தது. மறுநாளே போட்டாயிற்று. நீங்கள் சொல்லாவிட்டால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். பைகளையும் சுவரிலிருந்து இழுத்து, மாடியின் நடுவில் சுரங்கப்பாதை மாதிரி இரண்டு வரிசையாக வைத்துவிட்டோம்.

வெந்தயம் மூன்றாம் நாள் காலையில் வந்தது. தாத்தா சொன்ன அதே மூன்றாம் நாள்! பையன் படியில் நின்று கத்திய கத்தலில் வீட்டுக்காரம்மாவே மேலே வந்துவிட்டார். 23ஆம் நாள் கிள்ளி, சப்பாத்தி மாவில் போட்டுப் பிசைந்தேன். கசப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வெண்டைக்காயை நேற்றுப் பறித்தோம். மூன்றே காய். வதக்கினால் ஒரு கரண்டிகூட வராது என்று சாம்பாரில் முழுசாகப் போட்டேன், ஆளுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.

அவரையில் அசுவினி வந்தது. நான் பார்க்கும் முன்பே பையன் எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டான். தண்ணீர் பீய்ச்சப் போனேன், "அம்மா நில்லு, முதலை இருக்கு" என்று என் கையைப் பிடித்தான். உண்மையிலேயே இருந்தது, இரண்டு. நான்கு நாள் ஒன்றும் செய்யாமல் விட்டோம். எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் கொழுந்து பாதிக்கு மேல் சுத்தமாகிவிட்டது. கத்திரி ஒன்று செத்தது, அவன் பையில்தான். தாத்தா சொன்னதை நினைத்துக்கொண்டு நான் கை வைக்கவில்லை. அன்று ராத்திரி கொஞ்சம் அழுதான். காலையில் அவனே பிடுங்கிக் குப்பைப் பானையில் போட்டுவிட்டு, நூல் நோட்டில் அந்தத் தேதியில் ஒன்றும் ஒட்டாமல் இடம் விட்டிருக்கிறான்.

பாப்பா பிடுங்குவதை நிறுத்திவிட்டாள். ஜாம் பாட்டில் அவளோடுதான் தூங்குகிறது. அவளுடைய பையில் என்ன போடலாம் என்று கேட்டேன். மாமியார் ஊரிலிருந்து விதைக் கடலை கொண்டுவந்திருந்தார், அதில் மூன்று எடுத்தாள். தட்டில் வறுத்த கடலை இருந்தது, அதிலும் மூன்று எடுத்து இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்றாக நட்டுவிட்டாள். விதைக் கடலையில் இரண்டு வந்தது. வறுத்தது முளைக்காது என்று அண்ணன் சொன்னான். "அது தூங்குது" என்று சொல்லி இன்னும் அந்தப் பக்கத்துக்கும் அரை பாட்டில் ஊற்றுகிறாள்.

இப்போது கடலைச் செடியில் மஞ்சள் பூ வந்திருக்கிறது. பூ மேலே இருக்கிறது, காய் எப்படி மண்ணுக்குள் வரும் என்று பையன் கேட்கிறான். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? எத்தனை நாளாகும்?

மாடித் தாத்தா, மதுரை

பார்க்கலாம் அம்மா, நன்றாகவே பார்க்கலாம். பூ வாடி ஒரு வாரத்துக்குள் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு தண்டு நீண்டு கீழே பார்த்து இறங்கும். விழுது என்போம். அது மண்ணுக்குள் போன பிறகுதான் நுனியில் காய் பிடிக்கும். காற்றிலேயே தொங்கினால் காய்க்காது. அதனால் இந்த வாரமே பையின் மேல் மண்ணை விரலால் பொலபொலவென்று ஆக்கி, செடியைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்குப் புது மண் அணைத்துவிடுங்கள். மண் இறுகியிருந்தால் விழுது உள்ளே போகாது. விதைத்த நாளிலிருந்து 100, 110 நாள் கணக்கு வையுங்கள், அதற்குள் பிடுங்க வேண்டாம்.

பாப்பா பை என்பதால் மண் அணைப்பதை அவளையே செய்யச் சொல்லுங்கள். தூங்குகிற மூன்று கடலைக்கும் சேர்த்தே அணைக்கட்டும்.